தட்டிக் கேட்டு வாங்குங்கள்

நம் வீடுகளில் கிண்ணங்களுக்கு இரண்டு வர்க்கம் உண்டு. வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் வீற்றிருப்பது ஒன்று. பொன் விளிம்பு, ரோஜாப்பூ, யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்தது, தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்குக்கூட வெளியே வராதது. சமையலறையில் தண்ணீர் வடியக் கவிழ்ந்து கிடப்பது இன்னொன்று. பேரங்காடியில் புள்ளி சேர்த்து வாங்கிய மெலமைன், வாய் உடைந்த வெள்ளைக் கிண்ணம், ஐஸ்கிரீம் டப்பா. முதல் வர்க்கத்தைத் தேர்ந்தெடுக்க அரை நாள் கடை கடையாக ஏறி இறங்குகிறோம். இரண்டாவது வர்க்கம் தானாக வந்து சேர்கிறது. ஆனால் கொதிக்கும் ரசமும், புளிக்குழம்பும், பிள்ளையின் கஞ்சியும் தினமும் விழுவது அந்த இரண்டாவதில்தான்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் கட்சி. ஒரு கிண்ணம் ஒரு நாளைக்கு இரண்டு முறை புழங்கினால் ஆண்டுக்கு 730 முறை. அத்தனை முறையும் சூடு, புளிப்பு, கரண்டி, சோப்பு, நார், மற்றக் கிண்ணங்களோடு இடிபாடு. அலமாரிக் கிண்ணத்துக்கு வேலை, தூசி தாங்குவது மட்டும். கவனம் எதற்குத் தேவை என்று நீங்களே சொல்லுங்கள்.

"அப்படியானால் அலமாரியைத் திறந்து அந்த நல்லதையே எடுத்துச் சாப்பிட்டால் ஆயிற்று" என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

முதலில், எது பீங்கான்? கடையில் வெள்ளையாகப் பளபளப்பது எல்லாமே நமக்குப் பீங்கான்தான். உண்மையில் அந்த வரிசையில் மூன்று நான்கு பிறவிகள் கலந்து நிற்கும். சாதாரண மண்ணைச் சுமார் 1,000 முதல் 1,150 பாகை செல்சியஸ் சூட்டில் சுட்டு, மேலே வெள்ளைப் பூச்சு பூசியது ஒன்று. அதன் உடம்பு உள்ளுக்குள் பிஸ்கோத்து மாதிரி, தண்ணீரைக் குடிக்கும். இன்னும் கூடுதல் சூட்டில் சுட்ட, கனமான, பெரும்பாலும் மண் நிறத்தில் வரும் ஸ்டோன்வேர் இன்னொன்று. அசல் பீங்கான் என்பது கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணோடு ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் சேர்த்து, 1,300 பாகையை ஒட்டியோ அதற்கு மேலோ சுடுவது. அந்தச் சூட்டில் ஃபெல்ஸ்பார் உருகி, மண் துகள்களுக்கு நடுவே கண்ணாடி போல ஓடி, இடைவெளிகளை அடைத்துவிடுகிறது. அதனால் பீங்கானின் உடம்பே கிட்டத்தட்டக் கல். தன் எடையில் அரை சதவீதத் தண்ணீரைக்கூட அது உறிஞ்சாது. முதல் வகையோ 5 சதவீதத்துக்கும் மேல் உறிஞ்சும். கயோலின் என்ற பெயர், சீனாவின் ஜிங்டசென் நகருக்கு அருகே இருக்கும் காவ்லிங் என்ற ஊரிலிருந்து வந்தது. பீங்கானுக்குச் சீனாவின் பெயரே ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது சும்மா இல்லை.

நம் பக்கத்தில் அதற்கு வேறு பெயர்கள். மலாயில் தட்டு என்றால் பிங்கான், கிண்ணம் என்றால் மங்கோக். நம் வீட்டுப் பீங்கானும் மங்கும் அவற்றுக்கு உறவு என்பது காதில் விழும்போதே தெரியும். தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களைக் கேளுங்கள், மங்கு என்றால் அவர்களுக்குச் சாப்பாட்டுக் கிண்ணம் இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வரும். முதலில் வருவது ரப்பர் மரத்தில் கட்டிய பால் மங்கு. சிங்கப்பூரில், ஜூரோங்கின் ஜாலான் பஹார் பக்கம், 1940-இல் கட்டிய தவ் குவாங் டிராகன் சூளை இன்னும் நிற்கிறது. மலைச்சரிவில் பாம்பு படுத்தது போல நீண்ட விறகுச் சூளை. அந்த வட்டாரச் சூளைகள் ஒரு காலத்தில் சுட்டுத் தள்ளியவற்றில் முக்கியமானது இந்தப் பால் மங்குதான். சீனக் குயவர் சுட்டார், தமிழர் மரத்தில் மாட்டினார். அந்த மங்கு அசல் பீங்கான் அல்ல, மண் பாண்டம். ஆனால் உள்பக்கம் கண்ணாடிப் பூச்சு இருந்ததால் உறைந்த பால் சுத்தமாக உரிந்து வரும். பூச்சு நன்றாக இருந்தால் ஒட்டாது, கறை பிடிக்காது என்பதை மங்கு துடைத்த கைகள் எந்தக் கடைக்காரரும் சொல்லாமலே அறிந்திருந்தன.

இனிக் கடைக்குள் போவோம்.

என் பிழைப்பே காதை நம்பித்தான் என்பதால், நான் கிண்ணத்தையும் முதலில் கேட்டுத்தான் பார்ப்பேன். அடுக்கிலிருந்து ஒன்றைத் தனியாக எடுங்கள். இடது கை விரல்களை விரித்து, விரல் நுனிகளில் அதன் அடி நிற்கும்படி வையுங்கள். உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்தால் சத்தம் செத்துவிடும். இப்போது விளிம்புக்குக் கொஞ்சம் கீழே விரல் முட்டியாலோ பென்சிலாலோ மெல்லத் தட்டுங்கள். நன்றாக வெந்த பீங்கான் "டிங்" என்று மணி போல ஒலித்து, ஒலி ஒரு கணம் நின்று அடங்கும். "டொக்" என்று அங்கேயே நின்றால் இரண்டில் ஒன்று. அது குறைந்த சூட்டில் சுட்ட மண் வகை, அல்லது எங்கோ கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருக்கிறது. விரிசல் இருந்தால் அதிர்வு அங்கே தடைபட்டுத் தேய்ந்துவிடும், அதுதான் காரணம். ஒரே மாதிரிக் கிண்ணம் ஆறு வாங்கினால் ஆறையும் தட்டுங்கள். ஐந்து பாடி ஒன்று மட்டும் இருமினால், அந்த ஒன்றைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

பழைய சீனப் பாத்திரக் கடைகளில் வயதான ஆன்ட்டிகள் ஒரு கிண்ணத்தால் இன்னொன்றைத் தட்டிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். வேகமாக, பேச்சை நிறுத்தாமல் செய்வார்கள். அவர்கள் கைக்கு அளவு தெரியும். நாம் முட்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்தது, கவிழ்த்துப் பாருங்கள். இதைத்தான் நாம் செய்வதே இல்லை. விலைச்சீட்டு அடியில் ஒட்டியிருந்தால் மட்டும் கவிழ்ப்போம். கிண்ணம் நிற்கும் அந்த அடி வளையத்தில்தான் அதன் ஜாதகம் எழுதியிருக்கிறது. சூளையில் தட்டோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அந்த இடத்தில் மட்டும் பூச்சு பூச மாட்டார்கள், ஆகவே உள் உடம்பு அங்கே வெளியே தெரியும். வளையமும் வெள்ளையாக, தொட்டால் வழவழப்பாக இருந்தால் நல்ல அடையாளம். மங்கலான மஞ்சளோ செம்மண் நிறமோ, சுண்ணாம்புக் கட்டியைத் தொட்டது போன்ற சொரசொரப்போ இருந்தால், மேலே இருப்பது வெறும் பூச்சழகு. நாக்கில் விரலைத் தொட்டு அந்த வளையத்தில் ஒரு பொட்டு ஈரம் வைத்துப் பாருங்கள். பீங்கானில் ஈரம் மேலேயே நிற்கும். மண் வகை உடனே குடித்துவிடும். (கடைக்காரர் பார்க்காதபோது செய்யுங்கள்.)

வளையம் வழவழப்பாக இருக்க இன்னொரு காரணமும் உண்டு. நம் சமையலறைகளில் கிண்ணங்கள் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கித்தான் இருக்கும். அடுக்குமாடி வீட்டில் வேறு இடம் ஏது? மேலே இருக்கும் கிண்ணத்தின் சொரசொர அடி, கீழே இருப்பதன் உள் பூச்சை ஒவ்வொரு நாளும் அரம் போலத் தேய்க்கும். ஆறு மாதத்தில் உள்ளே வட்டமாக ஒரு மங்கல் கோடு விழும். அப்புறம் மஞ்சளும் மிளகாய்த்தூளும் அங்கேயே குடியேறும்.

மூன்றாவது விளிம்பு. கிண்ணம் நடுவில் உடைவது அரிது, வாயில்தான் சில்லு பெயரும். தண்ணீர்க்குழாயில் இடிப்பதும், கரண்டி மோதுவதும், பக்கத்துக் கிண்ணம் முட்டுவதும் அங்கேதான். பூ விரிந்தாற்போல வெளியே வளைந்து மெலியும் விளிம்பு பார்க்க அழகு, முதல் அடியும் அதற்கே. கொஞ்சம் தடித்து, உருட்டிவிட்டது போல முடியும் விளிம்பு நீடிக்கும். காப்பிக்கடை மங்குகளையும் ஓட்டல் தட்டுகளையும் பாருங்கள். நாள் முழுக்கக் கழுவப்பட்டும் ஏன் நிற்கின்றன? அந்த உருண்டை விளிம்பால். அதனால் வீட்டுக்குக் கிண்ணம் வாங்க நான் பரிந்துரைப்பது அழகுப் பொருள் கடையை அல்ல, உணவகங்களுக்குச் சாமான் விற்கும் கடையை. அங்கே உறையிட்ட "செட்" தொல்லை இல்லை, ஒவ்வொன்றாக எண்ணி வாங்கலாம். ஒன்று உடைந்தால் அதே வார்ப்பில் இன்னொன்று அடுத்த ஆண்டும் பெரும்பாலும் கிடைக்கும். செட்டில் ஒன்று உடைந்தால் மீதி ஐந்தும் அனாதை.

கனமாக இருந்தால் உறுதி என்று நினைப்பதும் சரியல்ல. குறைந்த சூட்டில் சுட்ட கிண்ணம் கனமாக இருந்தும் பொலபொலவென்று பெயரும். அதற்கு நேர் எதிர் போன் சைனா. மெல்லியது, வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல் நிழலாகத் தெரியும், ஆனாலும் நல்ல உறுதி. ஆனால் நம் வீடுகளுக்கு இதில் ஒரு விஷயம் இருக்கிறது. அந்தப் பெயரில் வரும் எலும்பு உவமை அல்ல. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் ஜோசையா ஸ்போட் செப்பம் செய்த அந்தக் கலவையில் கிட்டத்தட்டப் பாதி, மாட்டெலும்பைச் சுட்ட சாம்பல். சுட்டபின் அது வெறும் தாதுதான் என்று சிலர் எடுத்துக்கொள்வார்கள். மாட்டிறைச்சி தொடாத வீட்டிலும், சைவ வீட்டிலும், பூசைக்குப் பால் வைக்கும் கிண்ணத்திலும் அது வேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு. எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. தெரிந்து வாங்குங்கள். கிண்ணத்தின் அடியில் அச்சிட்டிருக்கும் பெயரைப் படித்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

இப்போது அலமாரிக்கு வருகிறேன்.

பீங்கானில் படம் வரைய இரண்டு முக்கிய வழிகள் உண்டு. பூச்சுக்குக் கீழே வரைந்து, அதன் மேல் கண்ணாடிப் பூச்சு ஊற்றி, ஒரே கடும் சூட்டில் சுடுவது ஒன்று. நீல-வெள்ளைக் கிண்ணங்கள் பலவும் அப்படித்தான். படம் கண்ணாடிக்கு அடியில் பத்திரமாக இருக்கும். சுட்டு முடித்த கிண்ணத்தின் மேல் வரைந்து அல்லது ஒட்டி, சுமார் 700, 800 பாகையில் மறுபடி சுடுவது மற்றது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பொன் என்று கண்ணைப் பறிக்கும் நிறங்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகின்றன. விரலை ஓட்டினால் படம் லேசாக மேடு தட்டும், சாய்த்துப் பார்த்தால் படத்தின் பளபளப்பு தனியாகத் தெரியும். அங்கே படத்துக்கும் சாம்பாருக்கும் இடையே எதுவும் இல்லை.

இதில் என்ன சிக்கல்? நிறம் எளிதில் உருகவும் பளிச்சிடவும் ஈயம் சேர்ப்பது பழைய வழக்கம். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காட்மியம். சரியாகச் சுடாவிட்டாலும், தேய்ந்துபோனாலும் இவை உணவில் இறங்கும், புளிப்பு இருந்தால் இன்னும் கூடுதலாக. ஈயத்தைப் பொறுத்தவரை, பிள்ளைகளுக்குக் கேடில்லாத அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. சோதனைக்கூடத்தில் இதை எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? கிண்ணத்தில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை, அதாவது கிட்டத்தட்ட வினிகரை, 24 மணி நேரம் ஊற்றி வைத்து, அதில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளக்கிறார்கள். படிக்கும்போதே எனக்குப் புளிக்குழம்பு நினைவுக்கு வந்தது. நேற்று வைத்த குழம்பை அதே கிண்ணத்தில் மூடி, இரவு முழுக்கக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, காலையில் சுட வைக்கிற சமூகம் நாம். எலுமிச்சை ஊறுகாயை மாதக் கணக்கில் ஒரே ஜாடியில் வைக்கிறவர்களும் நாம்தான்.

இன்று முறையான கடைகளில் தரச் சோதனை தாண்டி வரும் பொருள்களைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அடியில் எந்த முத்திரையும் இல்லாத பசார் மாலாம் கிண்ணம், சுற்றுலாவில் வாங்கிய கைவினை, பாட்டி காலத்துப் பொன் விளிம்புச் செட், பழைய சேவல் மங்கு ஆகியவற்றின் வரலாறு நமக்குத் தெரியாது. சேவலும் வாழையிலையும் பூவும் வரைந்த அந்த மங்கு இந்த வட்டாரத்தின் அடையாளம். தாய்லாந்தின் லம்பாங்கில் இன்றும் செய்கிறார்கள், எனக்கும் கொள்ளை ஆசை. பழையது கிடைத்தால் சுவர் அலமாரியில் வையுங்கள், அல்லது உரிக்காத ஆரஞ்சுப் பழத்தை அடுக்குங்கள். தினச் சாப்பாட்டுக்கு நான் வைத்திருக்கும் விதி எளியது. உணவு தொடும் உள்பக்கம் முழுக்க வெள்ளை, வாய் வைக்கும் விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வெளிப்பக்கமும் வெள்ளை. அதற்குக் கீழே வெளியில் மயில் ஆடினாலும் எனக்குச் சம்மதம்.

பிள்ளைகளுக்கு உடையாதது வேண்டும் என்று மெலமைனுக்குப் போகிறவர்கள் பலர். மெலமைன் பீங்கான் போல நடிக்கும் கெட்டிப் பிளாஸ்டிக். ஆறிய தோசைக்கும் பழத்துண்டுக்கும் அது போதும். கொதிக்கும் ரசத்துக்கும் மைக்ரோவேவுக்கும் அது ஆகாது. சூடும் புளிப்பும் சேர்ந்தால் அதிலிருந்து மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் கசியும். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 70 பாகைக்கு மேற்பட்ட உணவுக்கு அது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. தைவானில் 12 பேருக்கு ஒரு முறை மெலமைன் கிண்ணத்திலும் இன்னொரு முறை பீங்கான் கிண்ணத்திலும் சூடான மீ சூப் கொடுத்துச் சோதித்தார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வில், மெலமைன் கிண்ணத்தில் குடித்தபோது சிறுநீரில் மெலமைன் பல மடங்கு கூடியிருந்தது. அந்த அளவு நோய் தரும் என்று ஆய்வு நிறுவவில்லை. ஆனாலும் மாற்று கையில் இருக்கும்போது எதற்கு? சின்னப் பிள்ளைக்கு நம் பழைய எவர்சில்வர் கிண்ணமே போதும், சூட்டை மட்டும் ஆற்றிக் கொடுங்கள். ஐந்து, ஆறு வயதில் பீங்கானுக்கு மாற்றலாம். அதற்கு அகலமான அடி வளையமும், பிஞ்சு விரல் சுடாமல் தூக்க ஓரளவு உயரமான அடியும் உள்ளதாகப் பாருங்கள். ஒன்றிரண்டு உடையும், அது பள்ளிக் கட்டணம் மாதிரி.

வாங்கி வந்த பிறகு ஒரு சோதனை மீதி இருக்கிறது. வெறும் கிண்ணத்தை மைக்ரோவேவில் வைத்து, பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். பொன், வெள்ளிக் கோடு உள்ளதை வைக்காதீர்கள், பொறி பறக்கும். தண்ணீர் சுட்டு, கிண்ணம் ஆறியிருந்தால் பிழைத்தது. கிண்ணமும் சுட்டால் மைக்ரோவேவுக்கு அது சரிப்படாது. அதன் உடம்பு ஈரத்தைக் குடித்து வைத்திருக்கலாம். குழம்பைவிடக் கிண்ணம் அதிகமாகச் சுடும் அனுபவம் உங்களுக்கு இருந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

நல்ல பீங்கானையும் கொல்ல ஒரு வழி உண்டு. குளிர்பதனப் பெட்டியிலிருந்து நேராக எடுத்த கிண்ணத்தில் கொதிக்கும் ரசத்தை ஊற்றுங்கள். உள்பக்கம் விரியத் துடிக்கும், வெளிப்பக்கம் இன்னும் குளிரில் சுருங்கிக் கிடக்கும். அந்த இழுபறியில் விரிசல் விழும். உடனே உடையாமல், அடுத்த வாரம் கழுவும்போது கையில் இரண்டாகலாம்.

புதுக் கிண்ணத்தில் சில வாரங்களில் சாம்பல் நிறக் கோடுகள் தெரிந்தால் கீறல் என்று பதறாதீர்கள். பெரும்பாலும் அது எவர்சில்வர் கரண்டி பூச்சின் மேல் விட்டுச் சென்ற உலோகத் தடம், பென்சில் கோடு மாதிரி. சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து மெல்லத் தேய்த்தால் போய்விடும். மஞ்சள் நிறத்தில் சிலந்தி வலை போலக் கோடுகள் தெரிந்தால் அது வேறு கதை. பூச்சே வெடித்திருக்கிறது, நம் மஞ்சள்தூள் அந்த வெடிப்புகளைக் கோடு போட்டுக் காட்டுகிறது. அந்தக் கிண்ணத்துக்குச் சாப்பாட்டு வேலையிலிருந்து ஓய்வு கொடுங்கள். வாயில் சில்லு பெயர்ந்ததற்கும் அதே. உதட்டைக் கிழிக்கும், நார் பிய்யும். பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டிக்கு அடியில் தண்ணீர் வடிய வைத்தால் இன்னும் சில ஆண்டு உழைக்கும்.

எத்தனை வாங்குவது என்று கேட்டால், வீட்டில் இருக்கும் தலைக்கு இரண்டு, மேலே இரண்டு. ரசத்துக்கும் பாயசத்துக்கும் 11, 12 சென்டிமீட்டர் வாய் அகலம் போதும். மீ சூப்புக்கும் கஞ்சிக்கும் 16, 17 வேண்டும். இரண்டு அளவுக்கு மேல் வாங்காதீர்கள், அடுக்கு சாயும். திறந்த இல்லத்துக்கு ஐம்பது பேர் வருகிறார்கள் என்றால், அன்றைக்கு மட்டும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கடன் கேளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துக் கொடுங்கள், அவரும் கட்டாயம் தட்டிப் பார்ப்பார்.